பேசினால் எரியும் அடுப்பு

முன்னாள் ராணுவத்தினரின் பொதுச் சமையலறையில் அடுப்பு பேச்சுக்குத்தான் எரியும். யாராவது மனதை அழுத்துவதைச் சொல்ல வேண்டும். வாயை மூடினால் தீ அணைந்துவிடும். அதனால் ஹவில்தார் ஏகாம்பரம் எப்போதும் வெங்காயம் நறுக்கப் போய்விடுவார். அங்கே கண்ணீர் வந்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

கரண்டி பிடித்துப் பேசியது டேனியல்தான். மற்றவர்கள் தங்கள் பாரத்தை முன்கூட்டியே அவர் காதில் போட்டுவிடுவார்கள். அவர் அதைத் தனக்கு நடந்ததுபோல அடுப்பிடம் சொல்வார். குழம்பு கொதிக்கும். மனம்விட்டுப் பேசுகிறவர் என்று அதிகாரிகள் அவருக்குப் பதக்கம்கூடக் கொடுத்தார்கள்.

போன வாரம் டேனியல் உயிரை மாய்த்துக்கொண்டார்.

இன்று கரண்டி ஏகாம்பரத்தின் கைக்கு வந்தது. பருப்பு பச்சையாகக் கிடந்தது. எல்லோரும் பசியோடு அவர் முகத்தையே பார்த்தார்கள்.

"அவன் சொன்னதெல்லாம் நம்ம கதை," என்றார் ஏகாம்பரம். "அவனோடது ஒண்ணுகூட இல்ல. உனக்கு என்னடான்னு நாம யாருமே கேக்கல."

அடுப்பு குப்பென்று பற்றிக்கொண்டது.

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மாசிலாமணி கண்ணைத் துடைத்தபடி அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணே, நல்லாப் பேசுறீங்க. நாளைக்கு என்னோடதையும் நீங்களே சொல்லிடுங்க."