டு-லெட் போர்டு

விழுப்புரத்தில், எங்கள் எதிர்வீட்டில் டு-லெட் போர்டு மாட்ட வந்தார் வீட்டுக்காரர் வீரசேனன். அங்கே குடியிருக்கும் ஆரோக்கியசெல்வி, தோசைக்கல்லால் அவர் மண்டையில் ஒரு போடு போட்டாள். அந்தக் கல்லில் தோசைதான் சரியாக வராது.

“காலி பண்ற வரிக்கும் இது என் வூடுய்யா! நான் வேலைக்குப் போனதும் உள்ள பூந்து பீரோவக் கொடஞ்சிக்கினு இருக்கியே!”

“சத்தியமா நானில்லம்மா! டூப்ளிகேட் சாவி தொலஞ்சே ரெண்டு மாசமாவுது!”

செல்வி என் பக்கம் திரும்பினாள். “யக்கா, நீங்க யாரையாச்சும் பாத்தீங்களா?”

“நாள் முச்சூடும் வாசல்லதான் நிக்கறேன். இவரத் தவிர ஈ காக்கா வரல” என்றேன்.

அடுத்த போட்டில் அவர் ரத்தத்தோடு சரிந்தார்.

அவரை ஆம்புலன்ஸ் தூக்கிப் போனது. அவள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போலீஸோடு போனாள்.

இடுப்பில் செருகியிருந்த டூப்ளிகேட் சாவியை எடுத்தேன். அந்த வீட்டில் பரண் ஒன்றைத்தான் நான் இன்னும் பார்க்கவில்லை.