கடலடி மண்

திராட்சைப் பந்தலின் கீழே, கொடிக்கு மண் அணைத்த கையைக் கைலியில் துடைத்துவிட்டுச் செல்போனைப் பிடித்திருக்கிறான் வேல்பாண்டி. இலை இடுக்கில் இறங்கும் காலை வெயில் திரையில் புள்ளி புள்ளியாக விழுகிறது. திரைக்குள், கடற்கரை ஊரின் ஆய்வுக்கூடத்தில், அவன் மனைவி யுவராணி ஒரு கண்ணாடித் தொட்டியைக் காட்டுகிறாள். கப்பல் எண்ணெய் கொட்டிய இடத்தில் கடலடியிலிருந்து அள்ளிய கறுத்த மண், நீருக்கடியில் அசையாமல் கிடக்கிறது. “நாலு நாளாச்சு மாமா, ஒரு உசுரக் காணோம். அடிமண்ணுல புழுவே இல்லேன்னா நண்டும் மீனும் எதத் தின்னு பொழைக்கும்? எனக்குச் சோறே எறங்கல.” அவன் திரையை முகத்தருகே கொண்டுபோகிறான். “அந்த மூலையில நூல் சுருட்டி வச்ச மாதிரி மண்ணு கெடக்கே, நேத்து இருந்துச்சா புள்ள?” “இல்லையே! இங்கன எல்லாரும் பாத்துட்டுத்தான போனாக?” “அவுக புழுவத் தேடிருப்பாக. என் காலடியிலயும் இதே மாதிரிதான் கெடக்கு. மண்புழு தின்னுட்டுத் தள்ளுன மண்ணு.” அவள் குனிகிறாள். குவியலின் உச்சியில் புதிதாக ஒரு மண்திரி மெல்ல நெளிந்து எழுகிறது. அவள் வாயைப் பொத்திக்கொள்கிறாள். கண்ணும் சிரிப்பும் சேர்ந்தே நிறைகின்றன. வேல்பாண்டி பந்தலின் கல்தூணில் சாய்ந்து மூச்சு விடுகிறான். “புழுவே சாப்பிட்டு முடிச்சிருச்சு. நீயும் போயிச் சாப்பிடு, ஆத்தா.”