தாய்க்கு வேறு தொட்டி

தங்கையையும் அவள் கைக்குழந்தையையும் பார்க்க வந்த அண்ணனை, மாப்பிள்ளை மீன்தொட்டி முன்னால் நிறுத்திவிட்டார்.

“குகைக்குள்ள முள்ளு மீசையோட ஒரு கெளுத்தி இருக்கே, அதுதான் அப்பன். முட்டைக்கு விசிறிவிட்டு, குஞ்சுகளைக் காவல் காத்தது பூரா அதுதான், மச்சான்.”

“தாய் எங்க?”

“முட்டை போட்டதோட அவ வேலை முடிஞ்சுது. அப்புறம் கிட்ட வந்தாலே சண்டைதான். மாடியில பெரிய தொட்டிக்கு மாத்திட்டேன்.”

“நல்ல நியாயம்!” அண்ணன் சிரித்தார். “தங்கச்சி எங்க மாப்ள? ரெண்டு நாளா போனே எடுக்கல.”

“அவளும் மாடியிலதான். புள்ளையைத் தூக்கணும்னா கையைக் கழுவிட்டு வாங்க.”

அண்ணன் குழாயைத் திறந்தார். தண்ணீர் நூலாக, வாடையோடு வந்தது. மொட்டை மாடியில் இருப்பது வீட்டுத் தண்ணீர்த் தொட்டி ஒன்றுதான் என்று அவருக்கு உறைத்தபோது, நீளமான முடி ஒன்று விரலில் சுற்றிக்கொண்டிருந்தது.