நாலாவது கட்டுரை

"இன்னிக்குப் போகாம இருந்துடலாமான்னு இருக்கும்மா" என்றார் அப்பா, சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டபடி.

"வெப் டிசைன் கத்துக்கிறதுக்கு நெட்ல சிபாரிசு பண்ணியிருந்த ஆறு கட்டுரையையும் படிச்சீங்களா?" மகள் கேட்டாள்.

"நாலுதான் முடிஞ்சுது. இருபது வருஷம் அச்சு மெஷினோட மாரடிச்சவனுக்கு இதெல்லாம் மண்டையில ஏறுமா? இன்னிக்கு இண்டர்வியூல எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு தெரிஞ்சா மானம் போயிடும். இதையும் விட்டா வீட்லதான் உக்காரணும்."

"முகத்தை மட்டும் இறுக்கமா வச்சுக்குங்கப்பா. யாராலயும் கண்டுபிடிக்க முடியாது."

அலுவலக வராந்தாவில் ஃபைலும் கையுமாக ஐந்து பேர் காத்திருந்தார்கள். எல்லாருக்கும் அப்பாவின் வயதில் பாதிதான் இருக்கும். அவர் பொத்தானைச் சரியாகப் போட்டுக்கொண்டு அறைக்குள் போனார்.

போய், மேஜைக்குப் பின்னாலிருந்த பெரிய நாற்காலியில் உட்கார்ந்து, "முதல் ஆள் வரலாம்" என்றார். அச்சுப் பிரிவை மூடிய முதலாளி, வெப்சைட் பிரிவுக்கு அவரைத் தலைவராக்கி நாலு நாள்தான் ஆகியிருந்தது.

முதலில் வந்த பெண் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள்.

"வெப்சைட்ல பட்டனை ஏன் பெருசா வைக்கணும்?"

"எங்க மாமாவுக்குக் கட்டைவிரல் தடிமன் சார். சின்னதா வச்சா, பக்கத்துப் பட்டனை அமுக்கிடுவார்."

"உங்க மாமாவா? அவர் நாலாவது கட்டுரையில வர்றவராச்சே!" வாய்தவறி வந்துவிட்டது.

அவள் முகம் வெளுத்தது.

"சார்... அஞ்சாவதுலேருந்து எதுவும் கேட்டுடாதீங்க. நான் இன்னும் படிக்கல."

கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, அவர் மெல்லச் சொன்னார்:

"நானும்தாம்மா."