இருவருக்கு மட்டுமான கீபோர்டு

நவ்யா போனை மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

மதியம் சாப்பிட வந்த பாலகோபால் அதை மேசைமேல் பார்த்தான். கை கழுவாமல் எடுத்தான்.

“ஏனுங்க, சோமனூர் போயி துணி எடுத்துட்டு வந்தர்றேன்” என்று காலையில் கிளம்பினாள். “பாத்துப் போ அம்மணி” என்று வாசல்வரை வந்து அனுப்பினான். அவளிடம் அவன் ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை.

போனைத் திறக்கும் எண் அவனுக்குத் தெரியும். தினமும் சாயங்காலம் வாங்கிப் பார்ப்பான். அவள் எங்கே இருக்கிறாள் என்று தன் போனில் காட்டும்படியும் வைத்திருந்தான். ஒரு பாதுகாப்புக்குத்தான்.

எல்லாவற்றையும் படிக்க முடிந்தது, தங்கை சைத்ராவோடு அவள் பேசுவதைத் தவிர.

கொக்கியும் சுழியுமாக ஏதோ எழுத்து. சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் சைத்ரா செய்த கீபோர்டு. சொற்கள்கூட அவர்களே உண்டாக்கியவை. கேட்டால், சும்மா விளையாட்டு என்பாள் நவ்யா.

அந்த விளையாட்டு எப்போது தொடங்கியது என்று அவனுக்கு நினைவிருக்கிறது. அதற்கு முந்தின வாரம்தான் அக்காள் தங்கை பேச்சைப் படித்துவிட்டு இரண்டே இரண்டு கேள்வி கேட்டிருந்தான்.

மடியில் கனமில்லாதவளுக்கு வழியில் என்ன பயம்?

சைத்ரா பெயரில் வேறு எவனோ எழுதுகிறான்.

கீபோர்டைத் திறந்து ஒவ்வொரு விசையாக அழுத்திப் பார்த்தான். ஓரத்தில் சின்னதாக ஒரு ‘த’. தொட்டதும் தமிழ் எழுத்துகள் வந்தன. தமிழில் ஒரு சொல் அடித்தால் மேலே அவர்களுடைய சொல் வந்து நின்றது.

இத்தனை மாதம் இது தெரியாமல் போயிற்றே.

இன்று. எங்கே. சந்திக்கலாம்.

மூன்று சொற்களையும் தேர்ந்து, நவ்யா எழுதியதுபோல் அனுப்பினான். உடனே நீலக் குறி விழுந்தது.

எதிர்முனையில் எழுதினார்கள். நிறுத்தினார்கள். மறுபடி எழுதினார்கள்.

எந்த ஊர், எந்தக் கடை, எதுவானாலும் சரி. வண்டிச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டான்.

பதில் தமிழில் வந்தது.

‘மாமா, அக்கா எம் பக்கத்துலதானுங்க உக்காந்திருக்குது.’

அடுத்தது வர ஒரு நிமிடம் ஆயிற்று.

‘போனு உங்ககிட்டயே இருக்கட்டும்னு சொல்லச் சொல்லுச்சுங்க.’