சிவப்பா, பச்சையா?

எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒரே நிறம்தான். வேலையோ, பெரிய கம்பெனிகளின் இயந்திரங்களுக்கு வயர்களைக் கோத்துக் கட்டிக் கொடுக்கும் தொழிற்சாலையில். கடவுளுக்குக் கிண்டல் ஜாஸ்தி.

பக்கத்து மேசை மச்சினன் புண்ணியத்தில் பிழைப்பு ஓடியது. நான் வயரைத் தூக்கினால், அவன் நிறத்தை முணுமுணுத்துவிடுவான்.

எங்கள் இருவரில் ஒருவரைத்தான் இனி வேலையில் வைத்துக்கொள்வார்களாம். அதற்கொரு தேர்வு. கடைசியாகச் சிவப்பும் பச்சையுமாக இரண்டு வயர்கள் மிஞ்சின. ஒன்றைத் தூக்கினேன்.

"சிவப்பு, மாமா."

போட்டிக்கு நிற்பவன் உண்மையைச் சொல்வானா? நான் என்ன இளிச்சவாயனா? அதைப் பச்சைக்குரிய துளையில் செருகினேன், மற்றதைச் சிவப்புக்கு.

இருவர் செய்ததையும் சோதித்த மேனேஜர், "ரெண்டுமே தப்பு. ரெண்டு பேரும் கெளம்புங்க" என்றார்.

வாசலில் மச்சினனைப் பிடித்துக்கொண்டேன். "உனக்குத்தான் கண்ணு நல்லா இருக்கே, நீ எப்படிடா தப்பு பண்ணே?"

"வேணும்னேதான் மாமா. எனக்கு எங்கயாவது வேலை கெடைச்சிரும். உங்களை எவன் சேர்த்துக்குவான்? அக்காவும் புள்ளைங்களும் என்ன பண்ணுவாங்க?" என்றவன், என்னை ஏறிட்டுப் பார்த்தான். "ஆனா, நான் சிவப்புன்னு சரியாத்தானே சொன்னேன்?"

"பச்சைன்னு காதுல விழுந்துச்சுடா."

அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

"இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லித் தொலைச்சிருக்கணும். மன்னிச்சிருங்க மாமா."