இரண்டாவது பொத்தான்

மூன்று மஞ்சள் விளக்கும் ஒரு சிவப்பு விளக்கும் எரிய, அந்தப் பழைய இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் முக்கி முனகி ஒர்க்‌ஷாப்புக்குள் வந்து நின்றது.

இறங்கியவர் நல்ல உயரம். விளக்குகள் அணையாவிட்டால் வண்டிக்குத் தகுதிச் சான்று கிடையாது, சான்று இல்லாவிட்டால் பழைய இரும்புக்குத்தான் போக வேண்டும் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

பிறகு கதவுக்கு வெளியே நின்றபடியே குனிந்து, ஓட்டுநர் இருக்கையின் பக்கவாட்டில் இருந்த இரண்டாவது பொத்தானை அமுக்கினார்.

ஆளில்லாத இருக்கை மெல்ல முன்னால் நகர்ந்தது. கொஞ்சம் உயர்ந்தது. ஸ்டீயரிங்கை ஒட்டி நின்றது. அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, முதல் பொத்தானை அமுக்கித் தன் அளவுக்குப் பின்னால் கொண்டுவந்தார்.

வண்டியின் வித்தையைக் காட்டுகிறார் என்று மெக்கானிக் நினைத்துக்கொண்டார்.

“என்ன வேணா கழட்டுங்க தம்பி. இந்த சீட்டு மட்டும் மாறிடக் கூடாது. ரெண்டாவது பட்டன் என் வீட்டுக்காரி வச்சது. அவ உக்கார்ற அளவு அதுலதான் இருக்கு.”

“கை படாது சார், என் பொறுப்பு.”

மெக்கானிக்குக்கு அந்த வட்டாரத்தில் பேட்டரி வைத்தியர் என்று பெயர். காரணப் பெயர்தான். பழைய கார்களின் விளக்குகள், கோளாறு தீர்ந்த பிறகும் அடம்பிடித்து எரியும் என்பது அவர் கட்சி. பழுதைச் சரிசெய்துவிட்டு, பேட்டரி ஒயரைக் கழற்றிப் போட்டுவிடுவார். சற்று நேரத்தில் வண்டி பழசையெல்லாம் மறந்துவிடும்.

அன்றைக்கும் அப்படித்தான். எலி கடித்த ஒயரை மாற்றினார். செத்துப்போன சென்சாரைக் கழற்றிப் புதிதாகப் போட்டார். பொத்தான்கள் பக்கம் சட்டைகூட உரசாமல் உடம்பைக் குறுக்கிக்கொண்டு வேலை பார்த்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது. சொன்ன சொல் சொன்னதுதான்.

கடைசியாக பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, சாப்பிட்டுவிட்டு வந்து மாட்டினார்.

இஞ்சினைக் கிளப்பினார். விளக்குகள் எல்லாம் ஒருமுறை எரிந்து அணைந்தன. ஒன்றுகூட மிச்சமில்லை. அவருக்குத் தலைகால் புரியவில்லை. உடனே போன் போட்டார்.

வந்தவர் டேஷ்போர்டை எட்டிப் பார்த்தார். முகம் தெளிந்தது. கையைப் பிடித்து நன்றி சொன்னார்.

அப்புறம் குனிந்து இரண்டாவது பொத்தானை அமுக்கினார்.

இருக்கை அசையவில்லை.

மறுபடி அமுக்கினார். விரலை எடுக்காமல் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

மெக்கானிக் சிரித்தார். “பேட்டரிய எடுத்தா அது அழிஞ்சிடும் சார், பெரிய விஷயமில்ல. வீட்டம்மாவை ஒரு தடவை கூட்டிட்டு வாங்க. உக்காந்து அமுக்கினா முடிஞ்சது.”

அவர் இருக்கையை நகர்த்தும் சுவிட்சைத் தேடிப் பிடித்தார். முன்னால் தள்ளினார். நிறுத்தினார். கொஞ்சம் பின்னால் இழுத்தார். மறுபடி முன்னால்.

“இன்னும் கிட்டக்க உக்காருவா,” என்றார். “எவ்வளவு கிட்டன்னு கேக்க இப்ப அவ இல்லியே…”

மெக்கானிக்குக்குச் சிரித்த வாயை மூடக்கூடத் தெரியவில்லை.

இருக்கை முன்னும் பின்னும் போய்வந்துகொண்டே இருந்தது. டேஷ்போர்டில் ஒரு விளக்குகூட எரியவில்லை.